நாணம் என்றொரு படம்

திருப்பூர்,
16 ஜூன் 2024

என் கண்ணு பவுலினுக்கு,

அக்கா அன்புசெல்வி எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். ஏற்காட்டுக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா, அந்த வறட்டு இருமல் விட்டதா என்று தெரியப்படுத்து. கன்னியாஸ்திரிப் பயிற்சியான நவதுறவு முடிகிறவரை போன் கிடையாது, கடிதம்தான் என்று உங்கள் மதர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாளெல்லாம் கம்பெனியில் ஜெர்மனிக்காரனுக்கு மெயில் அடிக்கிறவள், அனுப்பர்பாளையத்தில் தபாலாபீஸ் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போக வேண்டியதாகிவிட்டது.

அம்மா அப்படியேதான். பக்கவாதத்தில் போன இடது பக்கமும் பேச்சும் போனதுதான். புத்தி மட்டும் முன்னைப்போலவே தெளிவு. நீ கிளம்பிப் போன அன்று வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் வேலைக்குப் போனால் எதிர்வீட்டு மூக்கம்மாள் அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். தேனிப் பக்கத்து மனுஷி. சத்தம் பெரிது, கை சுத்தம்.

ஒரு புதுச் செய்தி. எங்கள் கம்பெனி டிசைனர் சத்யப்பிரியா, "ஞாயித்துக்கிழமையுமாங்க்கா ஊட்டுக்குள்ளயே கெடப்பீங்க? வாங்க, நாலு பேரைப் பாத்த மாதிரியும் இருக்கும், படமெடுக்கக் கத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். வாராவாரம் ஒரு இடத்தில் கூடி, காலாற நடந்து படம் எடுப்பார்கள். பிறகு பேக்கரியில் உட்கார்ந்து ஒருவர் படத்தை ஒருவர் பார்ப்பார்கள். பனியன் பிரின்டிங் பட்டறை வைத்திருக்கும் இளங்கோ என்பவர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறார். முதல் நாள் நொய்யல் பாலம். சத்யா தன் பழைய கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"உங்க பேருங்க?" என்று இளங்கோ கேட்டார். ஆறு வருடமாக என்னைப் பார்க்கிற எவரும் முதலில் கேட்பது, "அம்மாவுக்கு எப்படிங்க இருக்குது?" என்பதுதான். அன்றைக்கு ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
அன்புசெல்வி


ஏற்காடு,
14 ஜூலை 2024

இயேசுவில் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டேன். நான் நலம். இருமல் போய்விட்டது. விடியும் முன் எழுந்து, ஜெபம், தோட்ட வேலை, வகுப்பு என்று நாள் போவதே தெரியவில்லை. இவ்வளவு அமைதியை நான் இதுவரை அறிந்ததில்லை.

அம்மாவின் இடது கைக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறாயா? பிசியோதெரபிக்காரர் சொன்னபடி விரல்களை விரித்து மடக்க வேண்டும், மறந்துவிடாதே. மாலையில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டு. அவளுக்குக் கேட்கும்.

படமெடுக்கும் கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குச் சந்தோஷமே. ஆனாலும் ஞாயிறு ஆண்டவருடைய நாள் இல்லையா அக்கா? அன்றைக்காவது அம்மாவோடு இருக்கலாமே என்று தோன்றியது. தவறாக எடுத்துக்கொள்ளாதே. எல்லாருக்கும் கிடைக்காத ஒரு சிலுவை உனக்குக் கிடைத்திருக்கிறது. அதை நீ சிரித்த முகத்தோடு சுமக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறேன்.

செப ஒன்றிப்பில்,
பவுலின்


திருப்பூர்,
25 ஆகஸ்ட் 2024

கண்ணு பவுலினுக்கு,

நாங்கள் நலம், நீயும் அப்படியே இருப்பாய். பதில் தாமதமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் ஆர்டர் ஷிப்மென்ட் தலைக்குமேல் நின்றது.

போன மாதம் அவிநாசிக் கோயில் பக்கமும், குண்டடம் வாரச் சந்தையும், உடுமலைக் காற்றாலைகளும் போனோம். காற்றாலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற படம் ஒன்று எடுத்தேன். எனக்கே நம்ப முடியாத அழகு. பேக்கரியில் லேப்டாப்பில் போட்டதும் இளங்கோ கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "ஏனுங்க, இது மளிகைக்கடைக் காலண்டருக்குங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சத்யாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று முழுக்கச் சிரிப்பு ஓயவில்லை. அடுத்த வாரம் நான் போனதும், "காலண்டரக்கா வந்தாச்சு" என்று வரவேற்றார்கள்.

அதன்பிறகு இளங்கோ என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. காத்தாடியை யாரு வேணா எடுப்பாங்க. உங்ககிட்ட மட்டும் இருக்கறது என்னமோ, அதை எடுங்க."

என்னிடம் மட்டும் இருப்பது என்ன என்று இரண்டு வாரம் யோசித்தேன். போன ஞாயிறு நடைக்குப் போகவில்லை. அம்மா கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் காலை வெயில் விழுந்தது. அவளை எடுத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது.

உன் அக்கா,
அன்புசெல்வி


ஏற்காடு,
15 செப்டம்பர் 2024

இயேசுவில் அன்பான அக்காவுக்கு,

வேளாங்கண்ணி மாதா திருநாளன்று உங்கள் இருவருக்காகவும் திருப்பலியில் வேண்டிக்கொண்டேன். இங்கே எல்லாம் நலம்.

அம்மாவைப் படம் எடுத்தாய் என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். ஒரு பிரதி எனக்கு அனுப்பு. இங்கே ஒவ்வொருவரும் வீட்டார் படம் ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. என்னிடம்தான் இல்லை.

சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாளா? திரும்பத்தான் செய்வாள். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், கதவு தட்டினால் தலையை வாரி முந்தானையைச் சரிசெய்த பிறகுதானே திறப்பாள்? ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கப் போனபோது, ஸ்டுடியோக்காரரை நிற்கவைத்து மூன்று முறை பவுடர் பூசினாளே, நினைவிருக்கிறதா? நல்ல சேலை கட்டிவிட்டு, தலை சீவி, பூ வைத்து எடு. அப்போது உன்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

கைக்கு எண்ணெய் போடுகிறாயா என்று கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

செப ஒன்றிப்பில்,
பவுலின்


திருப்பூர்,
10 நவம்பர் 2024

பவுலினுக்கு,

நலம். தீபாவளிக்கு இங்கே எல்லாரும் ஊருக்குப் போய்விட்டதால் தெருவே காலியாகக் கிடந்தது.

பிரின்ட் கடையில் ஏதோ மெஷின் கோளாறு. அதனால்தான் படம் அனுப்பவில்லை.

போன மாதக் கடைசி ஞாயிறு நடையை எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். நான் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு இளங்கோதான் கேட்டார். எட்டுப் பேர் வந்தார்கள். நம் வீட்டுக்கு அத்தனை பேர் சேர்ந்து வந்து எத்தனை வருடம் ஆகிறது சொல். எல்லாருக்கும் காபி போட்டேன். அம்மாவுக்கும் புது முகங்களைப் பார்த்தது ஒரு மாற்றம்தானே. அவர்களைப் பார்த்துக் கையைக்கூடத் தூக்கினாள். போகும்போது இளங்கோ, "இனி நீங்க காலண்டரக்கா இல்லீங்க" என்றார்.

மூக்கம்மாள் அக்கா நின்றுவிட்டார். ஊரில் ஏதோ வேலையாம்.

அன்புசெல்வி


ஏற்காடு,
22 டிசம்பர் 2024

இயேசுவில் அன்பான அக்காவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். இங்கே குடில் கட்டுவது என் பொறுப்பு. மலையிலிருந்து பாசி கொண்டுவந்து ஒட்டினோம்.

அம்மா கை தூக்கினாளா! வந்தவர்களை ஆசீர்வதித்திருக்கிறாள், அக்கா. பேச முடியாதவள் கையால் பேசியிருக்கிறாள். அந்த வரியை நவதுறவியர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு சகோதரி அழுதுவிட்டாள்.

மூக்கம்மாள் அக்கா நின்றுவிட்டால் பகலில் அம்மாவோடு யார் இருக்கிறார்கள்? இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

செப ஒன்றிப்பில்,
பவுலின்


திருப்பூர்,
2 பிப்ரவரி 2025

பவுலினுக்கு,

அம்மா நலம். பகலுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

பொங்கல் கழிந்து, அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் இந்தப் பக்கத்துப் படக்குழுக்கள் எல்லாம் சேர்ந்து கண்காட்சி வைத்தன. என் படத்துக்கு முதல் பரிசு. கதவகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் ஆட்கள் பேசாமல் நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். மேடையில் என் பெயரைச் சொன்னதும் கைதட்டு நிற்கவே இல்லை. சென்னையிலிருந்து வந்த ஒருவர் தங்கள் பத்திரிகைக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கிப் போனார்.

எனக்கு முப்பத்து மூன்று வயதாகிறது. யாரும் எனக்காக எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

அன்புசெல்வி


ஏற்காடு,
9 மார்ச் 2025

அக்கா,

தவக்காலம் தொடங்கிவிட்டது. உடல்நலத்துக்குக் குறையில்லை. மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று மதர் ஒரு மாத இதழைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் விரித்தார். "தவக்காலத் தியானத்துக்கு இதைவிட வேறு வேண்டாம்" என்றார். பக்கம் முழுக்க ஒரு படம். தரையில் பாய். பாயில் சிந்திய கஞ்சி. எண்ணெய் காணாத தலை விரிந்து கிடக்க, தோளில் சேலை நழுவ, ஒரு பெண் வலது கையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். கீழே 'நாணம்' என்று போட்டிருந்தது. எடுத்தவர் பெயரை நான் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தில் தையல் மெஷின் ஊசி இறங்கிய தழும்பு தெரிந்தது.

எல்லாரும் பாராட்டினார்கள். எவ்வளவு அடக்கம், எவ்வளவு வேதனை என்றார்கள். பக்கத்திலிருந்த சகோதரி, "திருப்பூர்னு போட்டிருக்கே, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஆசீர்வதிக்கவில்லை. வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறாள். அவளைப் பெற்ற தாயாக நினைத்துத்தான் எடுத்தாயா? உனக்கு எப்படிக் கை வந்தது? அந்தக் கஞ்சியைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லையா?

வருகிற 20-ஆம் தேதி மாலை முப்பது நாள் மௌனத் தியானத்துக்குள் போகிறோம். உயிர்ப்பு ஞாயிறு வரை பேச்சும் கிடையாது, கடிதமும் கிடையாது. அதற்குள் நீ அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் என்னால் ஜெபிக்க முடியாது.

பவுலின்


திருப்பூர்,
15 மார்ச் 2025

பவுலினுக்கு,

உன் ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று உடனே எழுதுகிறேன்.

கஞ்சியைத் துடைக்கத் தோன்றியது. மூக்கம்மாள் அக்கா துணியோடு வந்தார். "இருக்கட்டுங்க, தொடைக்காதீங்க" என்றார் இளங்கோ. நான் துணியை வாங்கி வைத்துக்கொண்டேன். தலையைச் சீவிவிட வேண்டாம், கட்டிலிலிருந்து இறக்கிப் பாயில் போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எட்டுப் பேரும் குனிந்ததும் அம்மா கையைத் தூக்கி முகத்தை மூடினாள். "அப்படியே! அப்படியே!" என்று ஒருவர் கத்தினார். மூக்கம்மாள் நடுவில் வந்து நின்று, "ஏத்தா, அது வேணாங்குதுத்தா. மூஞ்சிய மறைக்குதுல்ல, ஒனக்குக் கண்ணு தெரியலையா? பெத்தவள நடுத்தெருவுல நிப்பாட்டுற மாதிரி நிப்பாட்டுறியே" என்றார். "நகந்துக்குங்க அக்கா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றேன் நான். அன்றோடு அவர் வரவில்லை. அவருக்கு ஊரில் வேலை ஒன்றும் இல்லை. எதிர்வீட்டில்தான் இருக்கிறார். என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

பகலுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டாய். வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன். மத்தியானம் வண்டியில் வந்து துணி மாற்றிவிட்டுத் திரும்புகிறேன். அதுதான் ஏற்பாடு.

ஆறு வருடம் அவளை அள்ளினேன், கழுவினேன், திருப்பிப் போட்டேன். அதை ஒருவரும் பார்க்கவில்லை. நீயும் இதே வீட்டில்தான் இருந்தாய். ஜெபமாலையோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவாய், நாற்றம் தாங்காமல். பிறகு மலைக்கே போய்விட்டாய். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, தேவ அழைத்தல். எனக்கு அழைப்பு வராததால் நான் இங்கேயே இருந்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. அவள் யாரென்றே தெரியாது என்று சொன்னவள், எனக்கு எப்படிக் கை வந்தது என்று கேட்கிறாய்.

ரம்ஜானுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வருகிறது. குழுவோடு உடுமலைக்கு மேலே மலைக்குப் போகிறேன். 29-ஆம் தேதி சனிக்கிழமை காலை கிளம்பி, திங்கள் சாயங்காலம் வருவேன். நீ வந்து அந்த மூன்று நாள் அம்மாவோடு இரு. சாவி பக்கத்து வீட்டுச் சித்ராதேவியிடம் இருக்கும். உன் மௌனத்தை இங்கே வந்து கடைப்பிடிக்கலாம். அவளும் பேசமாட்டாள். சேலை கட்டிவிடு, தலை சீவு, எண்ணெய் போடு, சங்கீதம் வாசி.

வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. வருகிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அன்புசெல்வி


ஏற்காடு,
20 ஏப்ரல் 2025,
உயிர்ப்பு ஞாயிறு

அக்கா,

உயிர்ப்பு வாழ்த்து எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உன் கடிதம் தியானம் தொடங்கிய அன்று மத்தியானமே வந்துவிட்டது. மதர் கொடுத்து, "வேண்டுமானால் படித்துவிட்டு வா" என்றார். கோபமாக எழுதியிருப்பாய் என்று தெரியும். மனம் கலங்கிவிடும் என்று பிரிக்கவில்லை. அதை ஆசையடக்கும் ஒரு ஒறுத்தலாக ஒப்புக்கொடுத்து, பீடத்தின் அடியில் வைத்துவிட்டேன். மதர் அதை மெச்சினார்.

இன்று காலைத் திருப்பலி முடிந்து பிரித்துப் படித்தேன்.

நீ போகவில்லைதானே? நான் வரவில்லை என்றதும் நின்றிருப்பாய். நிச்சயம் நின்றிருப்பாய். நான் தியானத்தில் இருப்பேன் என்று உனக்குத் தெரியுமே, எழுதியிருந்தேனே. மடத்து ஆபீசுக்கு ஒரு போன் செய்திருந்தால் கூப்பிட்டிருப்பார்களே.

அம்மா எப்படி இருக்கிறாள்? ஒரே ஒரு வரி எழுது.

பவுலின்


திருப்பூர்,
25 ஏப்ரல் 2025

பவுலினுக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது.

நான் போனேன். சனிக்கிழமை காலை அம்மாவைத் துடைத்து, இட்லி ஊட்டி, பன்னும் தண்ணீர் பாட்டிலும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். "சின்னவ வர்றாம்மா" என்றேன். அதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். படம் எடுக்கவில்லை.

சித்ராதேவியிடம் சாவியைக் கொடுத்து, மத்தியானத்துக்குள் தங்கச்சி வந்துவிடுவாள் என்றேன். அன்று பகலில் அவளுக்குப் பல்லடத்தில் மாமியார் வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. சாவியை நம் கதவிலேயே செருகிவிட்டுக் கிளம்பிவிட்டாள். "கன்னியாஸ்திரி அம்மா எப்படியும் வந்துருவாங்கன்னுதானுங்க போனேன். நீங்கதான அப்படிச் சொன்னீங்க" என்று என் காலைப் பிடித்து அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

மலையில் சிக்னல் கிடைத்த இடங்கள் இருந்தன. நான் யாரையும் கூப்பிடவில்லை. உங்கள் ஆபீஸ் நம்பர் என் போனில்தான் இருந்தது.

திங்கள் சாயங்காலம் வந்தபோது சாவி கதவிலேயே தொங்கியது. அம்மா கட்டிலிலிருந்து விழுந்து, வாசல்வரை நகர்ந்து வந்திருந்தாள். பாட்டில் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. உயிர் இருந்தது. நான் போட்ட கூச்சலில் முதலில் ஓடிவந்தது மூக்கம்மாள். அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தார். என்னைக் கிட்டவே விடவில்லை. அம்மாவின் கண் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தது. நீ வருகிறாயா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இந்த மூணு நாளும் கூட யாருங்க இருந்தது?" என்று கேட்டார். "என் தங்கச்சி" என்றேன்.

புதன்கிழமை விடியலில் போய்விட்டாள். மறுநாள் கோயில் கல்லறையில் அடக்கம். சாமியார், உறவுக்காரர்கள், உன்னோடு பாடற்குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். வருவதாகச் சொல்லியிருந்தாள், வரவில்லை என்றேன். ஆள் அனுப்புவோம் என்றார் சாமியார். தியானத்தில் இருக்கிறாள், கலைக்க வேண்டாம் சாமி என்று நான்தான் தடுத்தேன். எல்லாரும் அதை நம்பினார்கள். உன்னைப்பற்றி அவர்கள் இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை இங்கே எழுதவில்லை. ஊருக்கு வரும்போது நீயே கேட்டுக்கொள்.

நீ பீடத்தடியில் என் கடிதத்தை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தபோது, அம்மா மண்ணுக்குள் போய்விட்டாள். உயிர்ப்பு ஞாயிறன்று நீ அவளைப் பற்றி விசாரித்து எழுதியிருக்கிறாய்.

குழுவிலிருந்து சத்யா மட்டும் வந்தாள். இளங்கோ வாட்ஸப்பில் கும்பிடு போட்டிருந்தார். அதற்கு அடுத்த வரியிலேயே அடுத்த ஞாயிறு எங்கே கூடுவது என்று இருந்தது.

நான் போகிறேன். வேறு எங்கே போவது? அங்கேதான் என் பெயரைக் கேட்டார்கள்.

இந்த வீட்டை மாதக் கடைசியில் காலி செய்கிறேன். நீ இனி எழுதினால் அந்தக் கடிதம் உனக்கே திரும்பி வரும்.

'உன் அக்கா' என்று போட்டு முடித்துப் பழகிவிட்டேன். இந்த முறை பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்புசெல்வி